டிசம்பரில் ஹிமாலயனில் பெர்த் டு அடிலெய்டு: நல்லர்பார் தாண்டியவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

ஹிமாலயன்411:

எல்லோருக்கும் வணக்கம். பெர்த்தில் இருக்கிறேன், வேலை அடிலெய்டுக்கு மாறுகிறது. வீட்டுச் சாமான் லாரியில் போய்விடும், மனைவியும் பையனும் ஃபிளைட்டில் போகிறார்கள், வண்டியை மட்டும் நானே ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு ஆசை. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், பழைய 411. ஆல்பனி, எஸ்பரன்ஸ் எல்லாம் போய் வந்திருக்கிறேன், ஆனால் அதெல்லாம் வழியில் ஊர் இருக்கிற சாலை. நார்ஸ்மேனைத் தாண்டி, நல்லர்பார் சமவெளி வழியாகப் போகிற அயர் ஹைவேயில் ஏறியதே கிடையாது.

திட்டம் இதுதான். கிறிஸ்துமஸ் லீவில் நாலு நாள். முதல் நாள் பெர்த்திலிருந்து நார்ஸ்மேன், சுமார் 720 கிலோமீட்டர். அடுத்த நாள் யூக்லா, அதுவும் 700க்கு மேல். மூன்றாம் நாள் செடூனா வரை, அது 500க்குள்தான், கொஞ்சம் மூச்சு விடலாம். கடைசி நாள் செடூனாவிலிருந்து அடிலெய்டு, 780 வரும். மொத்தம் 2,700 கிட்ட. பகலில் வெயில் கொளுத்தும் என்பதால் ராத்திரி 2 மணிக்கே கிளம்பி, காலை 10, 11க்குள் அன்றைய தூரத்தை முடித்துவிட்டு ஏசி ரூமில் படுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.

சந்தேகங்கள்: 15 லிட்டர் டேங்க் போதுமா, இல்லை கேன் கட்டிக்கொண்டு போக வேண்டுமா? இது டியூப் டயர், நடுவழியில் பஞ்சர் ஆனால் என்ன செய்வது? ஏர் கூல்டு இன்ஜின் அந்த வெயிலைத் தாங்குமா? நான் சைவம், வழியில் சாப்பிட ஏதாவது கிடைக்குமா? ஆபீசில் ஒருத்தர் "அங்கே விழுந்தால் ரெண்டு நாளைக்கு யாருக்கும் தெரியாது" என்று விடாமல் பயமுறுத்திக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வது எவ்வளவு உண்மை?


உப்புக்காற்று:

ஆபீஸ்காரர் சொல்வதை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். அயர் ஹைவே ஆளில்லாத காட்டுப்பாதை கிடையாது. பெர்த்தையும் கிழக்குப் பக்கத்தையும் இணைக்கிற முக்கியமான தார்ச்சாலை இது, 1976லேயே கடைசித் துண்டு வரைக்கும் தார் போட்டுவிட்டார்கள். லாரியும் கேரவனும் பகல் முழுக்கப் போய்க்கொண்டேதான் இருக்கும். வண்டியை ஓரங்கட்டி ஹெல்மெட்டைக் கழற்றி உட்கார்ந்தால் போதும், யாராவது வேகத்தைக் குறைத்து கட்டைவிரலைக் காட்டி "சரியாக இருக்கிறாயா" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். பயப்பட வேண்டிய விஷயங்கள் வேறே இருக்கின்றன, அதில் ரெண்டு உங்கள் திட்டத்திலேயே இருக்கின்றன.

பெட்ரோலை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதற்குத்தான் கவலைப்படுவார்கள், அதற்குத்தான் கவலையே தேவையில்லை. நார்ஸ்மேனிலிருந்து பல்லடோனியா சுமார் 190 கிலோமீட்டர். அங்கிருந்து கைகுனா 180. அப்புறம் காக்கில்பிடி 65, மதுரா 90, மண்ட்ரபில்லா 115, யூக்லா 65. யூக்லா தாண்டி 12 கிலோமீட்டரில் மாநில எல்லையில் பார்டர் வில்லேஜ், அதற்கப்புறம் நல்லர்பார் ரோட்ஹவுஸ் (பெட்ரோல், சாப்பாடு, ரூம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிற வழிக்கடை) வரைக்கும் இன்னொரு 185 போல. பிறகு நண்ட்ரூ, பெனாங், செடூனா என்று வந்துவிடும். எந்த இடைவெளியும் 200ஐத் தாண்டவில்லை, பாருங்கள். (ஆமாம், மதுராதான். நம்ம ஊர் வடக்கே இருக்கிற மதுரா இல்லை, ஒரு பெட்ரோல் பம்ப், ஒரு மோட்டல், அவ்வளவுதான்.) இத்தனைக்கும் பெர்த் பக்கத்திலேயே சதர்ன் கிராஸ் முதல் கூல்கார்டி வரைக்கும் கிட்டத்தட்ட இதே அளவு இடைவெளி இருக்கிறது, அதை யாரும் பாலைவனம் என்று சொல்லிப் பயப்படுவதில்லை.

411 நிதானமாகப் போனால் லிட்டருக்கு 30 கொடுக்கும். எதிர்காற்றில் பேனியர் (பக்கப் பெட்டி) கட்டிக்கொண்டு 105ல் விரட்டினால் 22க்கு இறங்கும், அப்படியே இறங்கினாலும் 300 கிலோமீட்டருக்கு மேல் வரும். கேன் வேண்டாம். ஆனால் ஒரு பம்பைக்கூட "அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தாண்டாதீர்கள். இரவில் பம்பை மூடிவிடுகிற ரோட்ஹவுஸ்கள் இருக்கின்றன, ஜெனரேட்டர் கோளாறு என்றால் பகலிலும் மூடியிருக்கும். விலை நகரத்தைவிட நன்றாகவே அதிகம். அதைப் பார்த்து மனம் நோகாதீர்கள், அந்தப் பெட்ரோலே அவ்வளவு தூரம் லாரியில் வந்ததுதான்.

காற்றுதான் உண்மையான ஆள். தெற்கே கடல், அங்கிருந்து அண்டார்டிகா வரைக்கும் தடுக்க ஒரு மேடு கிடையாது. பக்கவாட்டுக் காற்று அடிக்கிற நாளில் மணிக்கணக்காக வண்டியைச் சாய்த்தே ஓட்ட வேண்டியிருக்கும், வளைவே இல்லாத நேர்சாலையில் சாய்த்து ஓட்டுகிற வேடிக்கை அங்கேதான். 24 குதிரைத்திறன் வண்டி எதிர்காற்றில் ஐந்தாவது கியரை இழுக்காது, நாலுக்கு இறக்கிவிட்டு 90ல் போங்கள். சாலையில் வேக வரம்பு 110, அதை எட்டியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

டிசம்பர் வெயில் பற்றி: 2019 டிசம்பர் 19ஆம் தேதி நல்லர்பாரில் 49.9 டிகிரி பதிவானது. தினமும் அப்படி இருக்காது, தெற்குக்காற்று வந்தால் 25க்குக்கூட இறங்கும், ஆனால் எந்த நாள் எப்படி என்று நாலு நாள் முன்னால் ரூம் போட்டவருக்குத் தெரியாதே. இன்ஜின் தாங்கும், ஆயில் கூலர் இருக்கிறது, காலையில் ஆயில் அளவு பார்த்துவிட்டுக் கிளம்பினால் போதும். தாங்காதது ஓட்டுகிற ஆள். காற்றின் சூடு நம் தோலின் சூட்டைத் தாண்டிவிட்டால் வேகமாகப் போவது குளிர்ச்சி தராது, சூட்டை உள்ளே தள்ளும். அப்போது மெஷ் ஜாக்கெட்டைத் திறந்து போட்டுக்கொண்டு போவது ஆபத்து, வியர்வை தோலில் நிற்பதற்குள் காய்ந்துவிடும், வியர்க்கிறதே தெரியாமல் உடம்பில் தண்ணீர் தீரும். ஜாக்கெட்டை மூடி, உள்ளே பனியனைப் பம்பிலேயே நனைத்துப் போட்டுக்கொண்டு, கழுத்திலும் கையிலும் மட்டும் கொஞ்சம் திறந்துவிட்டால் ஒரு மணி நேரம் ஏர்கூலர் மாதிரி வேலை செய்யும். தண்ணீர் முதுகுப் பையில் குழாய் வைத்துக் குடிக்கிற மாதிரி இருக்கட்டும், பாட்டில் என்றால் நிறுத்த சோம்பல் பட்டுக் குடிக்கவே மாட்டீர்கள். குடிதண்ணீரை ரோட்ஹவுஸ்களில் இலவசமாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள். சுண்ணாம்புக்கல் பூமி, மேலே ஒரு ஆறு கிடையாது, விழுகிற மழை எல்லாம் ஓட்டை வழியாகக் கீழே குகைகளுக்குப் போய்விடும், கிணற்றுத் தண்ணீர் உப்பு. அவர்களுக்கே தண்ணீர் தட்டுப்பாடு.

இன்னொன்று, 2019 கடைசியில் நார்ஸ்மேன் பக்கம் காட்டுத்தீ வந்து, சாலையை ஜனவரியில்தான் திறந்தார்கள். லீவுக்குக் கிளம்பின ஜனங்கள் நாள்கணக்கில் ரோட்ஹவுஸ்களிலும் ஊர் மைதானங்களிலும் மாட்டிக்கொண்டார்கள். சரியாக நீங்கள் போகிற அதே வாரம். ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபருக்குத் தள்ள முடியுமா என்று பாருங்கள்.

டியூப்: முன்னுக்கு 21 இன்ச், பின்னுக்கு 17 இன்ச், ரெண்டுக்கும் ஒவ்வொரு மாற்று டியூப், ரெண்டு டயர் லீவர், ஒட்டுப் பசை, சின்ன மின் பம்ப். பொருள் இருந்தால் போதாது, கிளம்புவதற்கு முன் வீட்டு வாசலிலேயே பின்சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றிப் பாருங்கள். அச்சு நட்டுக்குச் சரியான ஸ்பேனர் கையில் இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும், வண்டியோடு வந்த கிட்டில் இருப்பதை நம்ப வேண்டாம். டயர் பாதி தேய்ந்திருந்தால் புதிது போட்டுவிடுங்கள், நேர்சாலையில் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். செயினுக்கு ஒவ்வொரு மாலையும் எண்ணெய், சூடாக இருக்கும்போதே.

ராத்திரி 2 மணிக்குக் கிளம்புவது பற்றி நான் சொல்வதைவிட நம்ம லாரிக்கார அண்ணன் வந்து சொல்வது நல்லது. எங்கே காணோம்?


சேனல்நாற்பது:

இங்கதான் இருக்கிறன். இப்பதான் செடூனாவிலே இறக்கிப்போட்டு வாசிச்சன்.

தம்பி, இரவு ரெண்டு மணிக்கு வெளிக்கிடுற கதையை முதல்லே விடுங்கோ. நான் அந்த ரோட்டிலே ரோட் ரெயின் (பல பெட்டி கோத்த நீள லாரி) ஓடுறவன், வருசக்கணக்கா. என்ரை வண்டிக்கு முன்னாலே உருக்குக் கம்பியிலே பெரிய புல் பார், எழுபது எண்பது தொன் பாரம். கங்காரு வந்து மோதினா எனக்கு ஒரு சின்னச் சத்தம். உங்களுக்கு அது அப்பிடி இல்லை. அதுகள் பகலிலே நிழலிலே படுத்திருக்கும், பொழுதுபட்ட பிறகும் விடியக்கு முன்னமும்தான் ரோட்டோரம் புல்லுத் தின்ன வரும், மழை பெய்ஞ்சா தாரிலே வழிஞ்ச தண்ணியாலே ஓரத்திலேதான் பச்சை இருக்கும், அதுக்காகவே வரும். லைட்டைக் கண்டா விலகாது, எந்தப் பக்கம் பாயும் எண்டு அதுக்கே தெரியாது. நல்லர்பார் பக்கம் வொம்பாட் எண்டு ஒண்டு, உருட்டி விட்ட கல்லு மாதிரி கனம், உயரம் இல்லாததாலே லைட்டிலே பிடிபடாது. ஒட்டகமும் உண்டு, நிறம் இருட்டோடை சேர்ந்துவிடும், கால் மட்டும்தான் வெளிச்சத்திலே தெரியும். மோட்டச்சைக்கிளிலே இருட்டிலே அந்த ரோட்டிலே போறவனை நாங்கள் ரேடியோவிலே கதைக்கிற கதை இங்க எழுத ஏலாது.

சூரியன் வந்து ஒரு மணித்தியாலம் கழிச்சு வெளிக்கிடுங்கோ, பொழுதுபட ஒரு மணித்தியாலம் முன்னம் நிற்பாட்டுங்கோ. இதிலே ஒரு சிக்கல், கிழக்காலே போறவைக்கு பகல் சுருங்கும். உங்கடை பெர்த் மணிக்கும் அடிலெய்டு மணிக்கும் டிசம்பரிலே இரண்டரை மணித்தியாலம் வித்தியாசம், நீங்கள் ஓட ஓட மணிக்கூடு முன்னாலே ஓடும். போனை நம்பி "இன்னும் நேரம் கிடக்கு" எண்டு நினைச்சா சாப்பாட்டுக்கடையும் பூட்டியிருக்கும், வெளிச்சமும் போயிருக்கும். யூக்லா ஒரு நாளிலே வேணாம், மதுராவிலேயோ காக்கில்பிடியிலேயோ நில்லுங்கோ.

எங்களைப் பற்றியும் சொல்லவேணும். அந்த ரோட்டிலே எங்கடை வண்டி 36 மீற்றர் நீளம் வரைக்கும் வரும். முன்னாலே வாற ரோட் ரெயின் உங்களைக் கடக்கேக்க முதல்லே ஒரு அறை விழும், பிறகு ஒரு இழுவை, அதுக்குப் பிறகு திரும்பவும் ஒரு உதறல். தூரத்திலே காணக்கையே இடப்பக்கச் சக்கரத் தடத்துக்கு விலகி, தலையைத் தாழ்த்தி, கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல் தளரப் பிடியுங்கோ, இறுக்கினா காற்றுக் குடுக்கிற ஆட்டத்தை நீங்களே ஹாண்டிலுக்குக் குடுப்பீங்கள். பின்னாலே நான் வந்தா வேகம் கூட்டி ஓடப் பார்க்காதேங்கோ. ஒரே வேகத்திலே போங்கோ, நான் முந்திப் போறன், அப்ப பிறேக் போடாமல் மெல்ல ஆக்சிலேற்றரை விட்டாலே காணும். நீங்கள் என்னை முந்துறதெண்டா ஒட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்க்காதேங்கோ, என்ரை கண்ணாடியிலே உங்களைத் தெரியாது. ஒரு சின்ன யூஎச்எஃப் ரேடியோ வைச்சிருந்தா 40ஆம் சேனலிலே "பின்னாலே மோட்டச்சைக்கிள்" எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, பெரும்பாலான ஆக்கள் வழி சொல்லுவினம்.

பகலிலே கழுகு. இது ஒருத்தரும் சொல்லமாட்டினம். செத்த கங்காருவிலே இருந்து தின்னுற வெட்ஜ்டெயில் கழுகு இறக்கை விரிச்சா இரண்டு மீற்றருக்கு மேலே, வயிறு நிறையத் திண்டிருந்தா சட்டெண்டு எழும்பாது, காற்றுக்கு எதிரா ஓடித்தான் மேலே ஏறும், அந்த உயரம் சரியா உங்கடை ஹெல்மெற் உயரம். காகங்கள் கெட்டிக்காரர், கடைசி நொடியிலே விலகும். கழுகைக் கண்டா வேகத்தைக் குறைச்சு ஹோர்ன் அடியுங்கோ.

போன் ரோட்ஹவுஸ் பக்கத்திலேதான் பிடிக்கும். 406 மெகாஹேர்ட்ஸ் பீக்கன் (ஆபத்திலே அமத்தினா செய்மதி வழியா உதவி கேக்கிற கருவி) ஒண்டு வாங்கி, ஆம்சா எண்ட அரசாங்கக் கடல் பாதுகாப்பு அமைப்பிலே பதிவு செய்து (அதுக்குக் காசில்லை) ஜாக்கெட் பொக்கற்றிலே வையுங்கோ. பையிலே இல்லை, ஜாக்கெட்டிலே. நீங்கள் ஒரு பக்கம் பை ஒரு பக்கம் கிடந்தா என்ன செய்வீங்கள்?


மொட்டைமாடி மைனர்:

இதையெல்லாம் படித்த பிறகும் போக வேண்டுமா? வீட்டுச் சாமான் லாரியில்தான் போகிறதே, அதிலேயே வண்டியையும் ஏற்றிவிட்டால் முடிந்தது. நான் ஒருமுறை காரில் போனேன், 146 கிலோமீட்டர் ஒரு வளைவு கூட இல்லாமல் நேராகப் போகிறது, பார்க்க ஒன்றும் இல்லை, ஒரு புதர், அப்புறம் இன்னொரு புதர். ஏசி, பாட்டு, பக்கத்தில் பேச ஆள் எல்லாம் இருந்தும் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. இதற்குப் பெட்ரோல், ரூம், டயர் என்று நீங்கள் செய்கிற செலவில் வண்டியை அனுப்பிவிட்டு குடும்பத்தோடு ஃபிளைட்டில் போகலாம். எனக்குத் தோன்றியதைச் சொன்னேன், கோபிக்க வேண்டாம்.


கரிசல்காட்டுக்காரி:

மைனர் அண்ணா, கண்ணாடியை ஏற்றிவிட்டு 110ல் போனால் எல்லா ஊரும் புதர்தான். செலவுக் கணக்கில் நீங்கள் சொல்வது சரி, மறுக்கவில்லை. ஆனால் ஒன்றும் இல்லை என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் கோவில்பட்டிப் பக்கம் பிறந்தவள், மரமில்லாத வெட்டவெளி எனக்கு வெறுமையாகத் தெரியாது, அதனாலும் இருக்கலாம்.

முதல் விஷயம், அந்தச் சாலையில் நிஜமாகவே மரமில்லாத இடம் கொஞ்சம்தான், நல்லர்பார் ரோட்ஹவுஸைச் சுற்றி வருகிற துண்டு. அசல் வெட்டவெளி வடக்கே ரயில் போகிற பக்கம், அங்கேதான் தண்டவாளம் 478 கிலோமீட்டருக்குத் திரும்பாமல் போகிறது. நார்ஸ்மேனிலிருந்து கிளம்பினதும் ரொம்ப தூரத்துக்குச் சிவந்த தண்டு யூக்கலிப்டஸ் காடு, காலை வெயிலில் தண்டு எல்லாம் தாமிரம் தேய்த்த மாதிரி இருக்கும். பல்லடோனியாவில் ஒரு சின்ன மியூசியம், 1979 ஜூலையில் நாசாவின் ஸ்கைலேப் விண்வெளி நிலையம் விழுந்ததில் சிக்கின துண்டுகளை வைத்திருக்கிறார்கள். குப்பை போட்டதற்கு எஸ்பரன்ஸ் நகராட்சி நாசாவுக்கு 400 டாலர் அபராதம் எழுதின கதை அந்தச் சம்பவத்தோடு சேர்ந்ததுதான்.

கைகுனாவுக்குக் கொஞ்சம் முன்னால் சாலையோரத்திலேயே ஒரு ஓட்டை இருக்கிறது, பூமி மூச்சு விடும். கீழே குகை, வெளியே காற்றழுத்தம் ஏறினால் உள்ளே இழுக்கும், இறங்கினால் வெளியே ஊதும். நான் போன அன்றைக்கு வெளியே சட்டி மாதிரி வெயில், ஓட்டையில் முகத்தைக் காட்டினால் ஜில்லென்று வந்தது. மதுராவில் மேட்டிலிருந்து சாலை சட்டென்று கீழே சமவெளிக்கு இறங்கும், வளைவு என்று ஒன்றைப் பார்த்து அத்தனை நேரம் ஆகியிருக்கும், அங்கே வண்டியை நிறுத்தாமல் போகிறவர்களை எனக்குப் புரியவே இல்லை. யூக்லாவில் 1877ல் திறந்த தந்தி நிலையம், பாதி மணலுக்குள். ஹைவேயிலிருந்து கீழே போகிற பாதை மண், ஹிமாலயன் போகும், மணல் மெத்தென்று இருக்கிற இடத்தில் இறங்கி நடங்கள்.

எல்லையைத் தாண்டினதும் இடது பக்கம் புதர், வலது பக்கம் கொஞ்ச தூரத்தில் நாடே முடிந்துபோகிறது. பண்டா கிளிஃப்ஸ். நூறு மீட்டர் வரைக்கும் செங்குத்து, வேலி கிடையாது, ஓரம் உடையக்கூடிய சுண்ணாம்புக்கல், காற்று வேறே. குறிப்பிட்ட பார்வை மேடைகளில் மட்டும் நிறுத்துங்கள். ஜூன் முதல் அக்டோபர் வரைக்கும் ஹெட் ஆஃப் பைட்டில் திமிங்கிலங்கள் குட்டி போட வந்து கரையோரமாகவே கிடக்கும், அதற்காகவே நான் செப்டம்பருக்கு ஓட்டுப் போடுவேன். அது யாலட்டா பழங்குடி மக்களின் நிலம். வடக்கே மரலிங்காவில் பிரிட்டிஷ்காரர்கள் 1956லிருந்து அணுகுண்டு வெடித்துப் பார்த்தார்களே, அந்தப் பக்கத்து மக்கள் பலர் ஊல்டியாவிலிருந்து கிளப்பி இங்கேதான் கொண்டுவந்து விடப்பட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு போனால் அந்த வெட்டவெளி வேறே மாதிரி இருக்கும்.

சாலைக்குப் பெயர் கொடுத்த எட்வர்ட் ஜான் அயர் 1841ல் இதே கரையோரமாக நடந்து போனவர். கூட வந்த பாக்ஸ்டர் ஏப்ரல் 29ஆம் தேதி ராத்திரி கொல்லப்பட்டார், அப்புறம் கடைசி வரைக்கும் கூட நடந்தது வைலி என்ற ஆல்பனிப் பக்கத்துப் பழங்குடி இளைஞர். சாலைக்கு ரெண்டு பெயரும் வைத்திருக்கலாம் என்பது என் கட்சி.

அப்புறம் என்ஃபீல்டு வைத்திருப்பவருக்கு இதைச் சொல்லாமல் விட முடியாது. வினிஃப்ரெட் வெல்ஸ் என்ற 22 வயதுப் பெண், 1950 டிசம்பர் 26ஆம் தேதி சிட்னியிலிருந்து ராயல் என்ஃபீல்டு புல்லட் 350ல் தனியாகக் கிளம்பி பெர்த் வந்து, திரும்பவும் சிட்னி போனாள். 21 நாள், ஐந்தாயிரம் மைலுக்கு மேல். நடுக்கோடை, தார் கிடையாது, மண்ணும் கல்லும். நம்ம மெட்ராசில் என்ஃபீல்டு கம்பெனி வருவதற்கே அப்போது இன்னும் சில வருஷம் இருந்தது. அதற்காக நீங்களும் டிசம்பரில் போங்கள் என்று சொல்லவில்லை, மேலே ரெண்டு பேர் சொன்னதுதான் சரி. ஆனால் இந்த வண்டி போதுமா என்ற கேள்வியை மட்டும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சைவச் சாப்பாடு: சீஸ் டோஸ்ட், சிப்ஸ், மறுபடியும் சீஸ் டோஸ்ட். அவல், புளிக்காய்ச்சல், ஊறுகாய், ஒரு சின்ன கேஸ் அடுப்பு கொண்டுபோங்கள். வெந்நீர் இருந்தால் அவல் தயார்.


ஹிமாலயன்411:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ராத்திரிப் பயணத்தை அடித்துவிட்டேன். டிசம்பரையும் விட்டுவிட்டேன். வண்டியை இங்கே நண்பர் வீட்டு ஷெட்டில் போட்டுவிட்டு, ஈஸ்டர் கூட்டம் முடிந்ததும் ஏப்ரலில் ஃபிளைட்டில் வந்து எடுத்துப்போவதாக இப்போதைக்கு முடிவு. தூரத்தையும் உடைத்துவிட்டேன்: மெரடின், நார்ஸ்மேன், காக்கில்பிடி, நல்லர்பார் ரோட்ஹவுஸ், செடூனா, கிம்பா, அப்புறம் அடிலெய்டு. மனைவியிடம் சொன்னதற்கு "நாலு நாள் என்று சொன்னபோதுதான் பயமாக இருந்தது, இப்போது சரி" என்றாள்.

மைனர் அண்ணா, கோபமெல்லாம் இல்லை. லாரிக்காரர்களிடம் விலை கேட்டேன், நீங்கள் சொன்னபடியே அதுதான் மலிவு. இருந்தாலும் போகிறேன்.

இன்னும் ரெண்டே கேள்வி. யூக்லாவில் ஏதோ முக்கால் மணி நேரக் கணக்கு என்று ஒருத்தர் சொன்னார், கிண்டல் செய்கிறாரா? அப்புறம் எல்லையில் காய்கறி எல்லாம் பிடுங்கிக்கொள்வார்கள் என்கிறார்கள். என் அம்மா வளர்த்த கறிவேப்பிலைச் செடி ஒன்று தொட்டியில் இருக்கிறது, அதைப் பேனியரில் வைத்துக் கொண்டுபோக முடியுமா?


உப்புக்காற்று:

கிண்டல் இல்லை. கைகுனா தாண்டினதும் "கடிகாரத்தை 45 நிமிடம் முன்னால் வையுங்கள்" என்று பலகையே இருக்கும். பெர்த்துக்கும் அடிலெய்டுக்கும் நடுவில் அவர்களாகவே ஒரு நேரம் வைத்துக்கொண்டிருக்கிறார்கள், எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனால் காக்கில்பிடி முதல் பார்டர் வில்லேஜ் வரைக்கும் சமையலறை அந்த நேரத்துக்குத்தான் மூடும். போன் அதை ஒழுங்காகக் காட்டாது, காட்டினாலும் டவருக்கு டவர் மாற்றிக் காட்டும். கையில் ஒரு சாதாரண வாட்ச் கட்டிக்கொள்ளுங்கள். ஏப்ரலில் முதல் ஞாயிறுக்குப் பிறகு போனால் அடிலெய்டில் கோடை நேரம் முடிந்திருக்கும், மொத்த வித்தியாசம் ஒன்றரை மணியாகக் குறையும், அது ஒரு லாபம்.

கறிவேப்பிலைச் செடியை மறந்துவிடுங்கள். மேற்கே போகிறவர்களுக்கு பார்டர் வில்லேஜில் சோதனை, உங்களை மாதிரி கிழக்கே வருகிறவர்களுக்கு செடூனாவில். பழம், காய்கறி, செடி எதுவும் கூடாது, பேனியரைத் திறந்து காட்டச் சொல்வார்கள், மறைத்து மாட்டினால் அபராதம். கறிவேப்பிலை எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பத்தைச் சேர்ந்தது, அந்த மரங்களுக்கு வருகிற பூச்சி இதிலும் தொற்றும், அதனால் மண்ணோடு தொட்டியைப் பார்த்தால் அவர்கள் முகம் மாறும். நண்பரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள், அடிலெய்டில் நம்ம ஆட்கள் வீட்டுப் பின்பக்கத்தில் கன்று கேட்டால் கிடைக்கும். வெங்காயம், தக்காளி இருந்தால் பெனாங்குக்கு முன்னாலேயே சமைத்துச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

மூன்று மாதம் ஷெட்டில் கிடக்கப் போகிற வண்டி என்றால் பேட்டரியைக் கழற்றி நண்பரிடம் அவ்வப்போது சார்ஜ் போடச் சொல்லுங்கள், டேங்க்கை நிரப்பி நிறுத்துங்கள்.


சேனல்நாற்பது:

கிம்பாவிலே நிற்கிறது நல்ல யோசனை. ஒரு திருத்தம் மட்டும்: மெரடினிலே இருந்து நார்ஸ்மேன் போற நாள் கூல்கார்டியிலே தங்கம் தோண்டின பழைய கட்டடங்களைப் பார்த்துக்கொண்டு பிந்தாதேங்கோ, கூல்கார்டிக்கும் நார்ஸ்மேனுக்கும் இடையிலே பின்னேரத்திலே எமு கூட்டமா குறுக்காலே ஓடும். ஒண்டு கடந்தா முடிஞ்சுது எண்டு நினைக்காதேங்கோ, பின்னாலே இன்னும் நாலு வரும். ஏப்ரலிலே திகதி முடிவானதும் இங்க போடுங்கோ, நான் அந்தப் பக்கம் ஓடினா 40லே கூப்பிடுறன்.